சரி எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

நடுச்சாமம் (செவிலியர்)
பதினோரு வருடமாகப் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். தனியார் மருத்துவமனை. ஊரும் பெயரும் வேண்டாம். இந்த வாரம் நடந்ததை எங்காவது எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

இருபத்தொன்பது வாரத்தில் பிறந்த குழந்தை, 1,100 கிராம். ஆறு நாள் வென்டிலேட்டர். ஏழாம் நாள் மூச்சு தேறியது. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்து, மூக்கு வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவிக்கு மாற்றலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை குழந்தையின் அப்பா பில் கவுன்டரிலிருந்து நேராக வந்தார், கையில் அந்தத் தாளோடு. "மருத்துவர்களின் அறிவுரைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்." வார்டில் இதை லாமா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். நகை ஏற்கெனவே அடகுக்குப் போய்விட்டது. அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்து கேட்டோம், வென்டிலேட்டர் காலி இல்லை.

பக்கத்து வார்மரில், அதாவது சூடு தரும் படுக்கையில், இன்னொரு குழந்தை. பிறந்தபோதே மூச்சு நின்று மூளை மிக மோசமாகச் சேதமடைந்தது. நாற்பதாவது நாள். பணம் பிரச்சினை இல்லை, தாத்தா விட மாட்டேன் என்கிறார். கையிலும் காலிலும் நரம்பு கிடைக்காமல், தலைமுடியை மழித்துத் தலை நரம்பில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அங்கே போதும் என்று மனம் சொல்கிறது, கை குத்துகிறது. இங்கே இன்னும் இரண்டு நாள் என்று மனம் சொன்னது, கை, அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையைப் பொருத்தி ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரே ஷிப்ட், ஒரே கை.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் இதற்கு மாரல் டிஸ்ட்ரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மொழியில் என்ன சொல்வது?

பச்சைக்கிளி
மன அழுத்தம் என்று சொல்லலாமே. தினமும் இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்து பாருங்கள் சிஸ்டர், நல்ல பலன் தெரியும்.

ஒப்பந்தம்_முடியவில்லை (செவிலியர், அரசு மருத்துவமனை)
எங்களுக்கும் யோகா வகுப்பு வைத்தார்கள். காலை ஏழரை மணிக்கு, நைட் ஷிப்ட் முடித்தவர்களுக்குக் கட்டாயம். சவாசனத்தில் எல்லோரும் தூங்கிவிட்டோம். பயிற்சியாளர் மட்டும் மகிழ்ச்சியோடு போனார்.

வெள்ளைத்தொப்பி (ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை)
மன அழுத்தம் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிச் சொன்னதும் நோய் செவிலியருக்கு என்று ஆகிவிடுகிறது, மருந்தும் அவருக்கே என்று ஆகிவிடுகிறது. 1984இல் ஆண்ட்ரூ ஜேமட்டன் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது சொன்னது வேறு. அவர் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல, தத்துவம் படித்தவர். செய்ய வேண்டியது எது என்று ஒருவருக்குத் தெரிகிறது, வேலை செய்யும் நிறுவனத்தின் கட்டுகள் அதைச் செய்ய விடுவதில்லை. அவருடைய விளக்கத்தில் பாதி எடை அந்தக் கட்டுகளின் மேல் இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பாதியை வெட்டிவிட்டு மீதியை யோகா வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம்.

2009இல் எப்ஸ்டைன், ஹேம்ரிக் என்ற இரண்டு பேர் இன்னொன்றைச் சேர்த்தார்கள். சம்பவம் முடிந்ததும் வேதனை முழுவதும் வடிந்துவிடுவதில்லை. ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு வண்டல் நிற்பதுபோல அடியில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. (வண்டல் என்னுடைய உவமை, அவர்களுடையது அல்ல.) அடுத்த வெள்ளம் அந்த வண்டலின் மேல் ஏறுகிறது. பத்து வருடம் பொறுத்துப்போன சிஸ்டர் ஒரு சின்ன விஷயத்துக்கு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். "இதற்குப் போயா?" என்பார்கள். இதற்கு அல்ல அம்மா, பத்து வருடத்துக்கு.

கூடல்நகர்
சொல் கேட்டீர்கள் அல்லவா, நம்மிடமே இருக்கிறது. கையறுநிலை. புறநானூற்றில் ஒரு துறைக்கே அந்தப் பெயர். தலைவன் இறந்தபின் செய்வதறியாமல் வருந்திப் பாடுவது. கை அற்றுப்போன நிலை. இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

நடுச்சாமம்
நல்ல சொல் ஐயா. ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. கையறுநிலையில் எல்லாம் முடிந்துவிட்டது, கைக்கு வேலை இல்லை. எங்களுக்குக் கை அறவில்லை. அது வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. நரம்பு தேடுகிறது, பாலை அளக்கிறது, தாளை நீட்டுகிறது. சும்மா நின்று அழ விட்டிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

கூடல்நகர்
ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் "கை ஏவல்" என்று ஏதாவது புதிதாகத்தான் செய்ய வேண்டும். யோசிக்கிறேன்.

சிசு_மருத்துவன்
டாக்டர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. ஜேமட்டனின் விளக்கத்தில் எனக்கு இடிப்பது "தெரிகிறது" என்ற சொல். நமக்கு உண்மையில் தெரிகிறதா?

மூச்சுத் திணறிப் பிறந்து மூளை பாதித்த குழந்தையின் உடலை 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் குளிர வைப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அதற்கான கருவியை வாங்கித் தராத நிர்வாகத்தோடு வருடக்கணக்கில் சண்டை போட்டவன் நான். ஒவ்வொரு குழந்தை போனபோதும், கருவி இருந்திருந்தால் என்று புழுங்கியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் மாரல் டிஸ்ட்ரஸ்தான், அச்சு அசலாக. பிறகு 2021இல் ஹீலிக்ஸ் ஆய்வு வந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மொத்தம் 408 குழந்தைகள். குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். நம் ஊர்க் குழந்தைகளுக்கு, நம் ஊர் மருத்துவமனைகளில், அது காக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு நிர்வாகம் வாங்கியிருந்தால்?

அதனால் யாராவது "எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஆனால் செய்ய விடவில்லை" என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நாற்பதாவது நாள் குழந்தையின் தாத்தாவுக்கும் நிச்சயமாகத் தெரிகிறது அல்லவா?

வெள்ளைத்தொப்பி
நியாயமான கேள்வி டாக்டர். நிச்சயமின்மையும் இதே வேதனையைத் தரும் என்று பின்னால் வந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் ரவுண்ட்ஸில் அந்த வார்மர் அருகே நிற்பது எத்தனை நிமிடம்?

சிசு_மருத்துவன்
அடித்துவிட்டீர்கள் அம்மா. பத்து நிமிடம் இருக்கும். நடுச்சாமம் பன்னிரண்டு மணி நேரம்.

ஒப்பந்தம்_முடியவில்லை
நிச்சயமாகத் தெரிவது ஒன்று இருக்கிறது டாக்டர். மாவட்ட மருத்துவமனையின் சிறப்புப் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருக்கிறேன். இரவில் நான் ஒருத்தி, குழந்தைகள் ஒன்பது, சில நாள் பதினொன்று. வெளியூரில் பிறந்து 108இல் வந்து இறங்கும் குழந்தைகள் தனி. இரண்டு மானிட்டர் ஒரே நேரத்தில் அலறும்போது எந்தப் பக்கம் முதலில் திரும்பினேன் என்று எந்தக் கேஸ் ஷீட்டிலும் எழுத இடம் இல்லை. இறப்புத் தணிக்கைக் கூட்டத்தில் "தாமதமாகக் கொண்டுவரப்பட்டது" என்று எழுதுகிறார்கள். இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் இருந்த குழந்தை என்று எழுதுவதில்லை. ஆள் போதவில்லை என்பதில் என்ன நிச்சயமின்மை இருக்கிறது?

வாய் திறந்து சொல்லலாம் அல்லவா என்பீர்கள். என் பெயரைப் பாருங்கள்.

இன்னொன்று. யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, பெயர் இல்லாத இடம் என்பதால் சொல்கிறேன். பெண் குழந்தைக்கு அந்தத் தாள் சீக்கிரம் வருகிறது. இரண்டாவது பெண் என்றால் இன்னும் சீக்கிரம். ஆண் குழந்தைக்கு விற்கக் கிடைக்கும் வயல் பெண் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. இதை நான் எண்ணிப் பார்த்துக் கணக்கு வைக்கவில்லை. என் வார்டில் என் கண் பார்த்தது, அவ்வளவுதான்.

வெள்ளைத்தொப்பி
1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்த கைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதினால் தனி இழை ஆகும், இங்கே வேண்டாம். மகளே, நீ சொன்னதை நம்புகிறேன்.

இருபத்தேழு_வாரம் (தாய்)
இவ்வளவு நேரம் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் மகள் 27 வாரத்தில் பிறந்தாள். 840 கிராம். இருபதாம் நாள் என்று நினைக்கிறேன், பால் கறந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இரண்டு நர்ஸ்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "எதற்கு இந்த உயிரை இப்படி வதைக்கிறார்கள்." வதைக்கிறவர்கள் யார் என்று எனக்குப் புரிந்தது. நான்தான். பால் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

உங்கள் வேதனை நிஜம், மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் முகத்தில் தெரிகிறது, நடையில் தெரிகிறது, எங்கள் குழந்தையை விரிப்பு மாற்றத் தூக்கும் விதத்தில்கூடத் தெரிகிறது. நாங்கள் நாள் முழுவதும் மானிட்டரையும் உங்கள் முகத்தையும்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் இப்போது நான்காம் வகுப்பு. கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், தடித்த கண்ணாடி. கணக்கு சுமார்தான், வாய் மட்டும் நீளம். அன்று அப்படிப் பேசிய அதே நர்ஸ்தான் பிறகு ஒரு மாதம் கழித்து, என் ரவிக்கையைத் தளர்த்தி, குழந்தையை நெஞ்சில் வைத்து, கங்காரு முறை என்று சொல்லிக் கொடுத்தார். அவரை நான் மன்னிக்கவில்லை. முதல் பிறந்தநாள் கேக்கை முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நடுச்சாமம்
அம்மா, அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நான் இருந்திருக்கலாம். அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன், வேறு குழந்தையின் முன்னால். யார் பின்னால் நின்றார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

தேம்ஸ்_தாதி (இலண்டன், பூர்வீகம் யாழ்ப்பாணம்)
நான் இங்கே சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. நீங்கள் எழுதுவதில் பாதி எனக்குப் புதியது. காசில்லை என்று பெற்றோர் பிள்ளையை வென்டிலேட்டரிலிருந்து எடுத்துக்கொண்டு போவதை நான் இந்த நாட்டில் கண்டதில்லை. எங்களுடைய வலி மற்றப் பக்கம். எப்போது நிறுத்துவது என்பதுதான் இங்கே சண்டை.

2017இல் சார்லி கார்ட் என்ற பிள்ளையின் வழக்கு நினைவிருக்கும். மைட்டோகாண்ட்ரியா நோய். அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் பெற்றோர் 13 லட்சம் பவுண்டு திரட்டினார்கள். வைத்தியசாலை அது பிள்ளையை வருத்துவது மட்டும்தான் என்றது, நீதிமன்றங்களும் அப்படியே சொல்லின. முதலாவது பிறந்தநாளுக்கு ஒரு கிழமை இருக்க, ஜூலை 28இல் பிள்ளை இறந்தது. அந்த வைத்தியசாலைப் பணியாளர்களுக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. நான் வேலை செய்தது வேறு இடம். அப்படியிருந்தும் அந்தக் கோடையில் அடையாள அட்டையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.

எங்களிடம் நடைமுறையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை இறந்தால் சில நாட்களுக்குள் கூடி இருந்து கதைப்போம். வைத்தியர், தாதி, அன்றைக்குத் தரை துடைத்தவர், எல்லோரும். யார் பிழை விட்டது என்று கேட்பதற்கு அல்ல, அதற்கு வேறு கூட்டம். அது ஆளைக் குணப்படுத்தாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கூட்டத்தில்தான் எனக்கு ஒன்று தெரியவந்தது. நான் கல் நெஞ்சு என்று நினைத்திருந்த பெரிய வைத்தியர், வாகனத் தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்.

சட்டமும்_ஸ்டெதாஸ்கோப்பும்
இந்தியச் சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாற்பதாவது நாள் குழந்தைக்கு வழியே இல்லை என்று நினைப்பது தவறு.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், மீட்க முடியாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளை விலக்குவதை அனுமதித்தது. கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனால் அப்போது வைத்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாதது. குழுவில் இருப்பவர்களுக்கு இருபது வருட அனுபவம் வேண்டும், இன்னும் என்னென்னவோ. 2023 ஜனவரியில் அதை இளக்கினார்கள். இப்போது சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, முதன்மை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரோடு இரண்டாம் குழு, ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், குடும்பத்தின் சம்மதம் வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் 2017இலேயே வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

இருந்தும் என்ன நடக்கிறது? நம்பிக்கையே இல்லாத குழந்தையைக்கூட "நீங்களாகவே அழைத்துப்போவதாக எழுதிக் கொடுங்கள்" என்று லாமா தாளில் வெளியேற்றுகிறோம். நிறுத்தும் முடிவு மருத்துவமனையுடையதாக இருக்கக் கூடாது என்ற பயம். வலி மருந்து இல்லாமல், பக்கத்தில் டாக்டரோ நர்ஸோ இல்லாமல், சாவு வண்டியில் நடக்கிறது. வார்டில் திரை போட்டு, தாய் மடியில் வைத்து, மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுத்துச் செய்திருக்க வேண்டியது அது.

ஆனால் நடுச்சாமம் எழுதிய முதல் குழந்தையை இதோடு சேர்க்காதீர்கள். தேறிக்கொண்டிருந்த குழந்தை அது. அதற்கு எந்தக் குழுவும் வேண்டாம். பில்லைக் கட்ட ஆள் வேண்டும்.

சிசு_மருத்துவன்
48 மணி நேரம் என்பது தாளில். இரண்டாம் குழுவுக்கு ஆள் கேட்டு நான் கடிதம் எழுதியது ஒரு புதன்கிழமை. பதில் வந்தபோது குழந்தை போய்ப் பதினொன்றாம் நாள் காரியம் முடிந்திருந்தது. ஆனால் ஒத்துக்கொள்கிறேன், அதற்குமுன் ஒருமுறைகூட நான் எழுதிப் பார்க்கவில்லை. தாள் நீட்டுவது சுலபமாக இருந்தது.

பச்சைக்கிளி
மேலே நான் எழுதியதை நீக்க முடியவில்லை. மன்னிக்கவும்.

வாசகன்_மட்டும் (முதல் பதிவு)
இந்தத் தளத்தில் ஆறு வருடமாகப் படிப்பதோடு சரி. இன்றுதான் எழுதக் கணக்குத் திறந்தேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. பையன், ஒன்பது நாள். இரண்டரை லட்சம் வரை கட்டினோம். மறுநாள் காலைக்குள் இன்னும் நாற்பதாயிரம் என்றார்கள். என் மனைவி அப்போது தையல் பிரிக்காமல் மாமியார் வீட்டில் படுத்திருந்தாள். போனில் கேட்டேன். "உங்கள் இஷ்டம்" என்றாள். அவளுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ஊருக்கு நாற்பது கிலோமீட்டர். என் மைத்துனன் அம்பு பையை அழுத்திக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார், "அழுத்து, இரண்டு, மூன்று, அழுத்து, இரண்டு, மூன்று" என்று. அந்தச் சத்தம்தான் வண்டி முழுவதும். ஊர் எல்லையில் அய்யனார் கோயில் வந்தபோது அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. இதுவரைக்கும் கேட்டதில்லை. அவன் இப்போது எங்கள் வீட்டுக்கு அதிகம் வருவதில்லை.

உங்களுக்கு வேதனை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தாளை வாங்கியபோது அந்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம்மை மதிக்கவில்லை, பணம் இல்லாதவன் என்று இளக்காரம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். குறை சொல்லக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். எங்கள் வண்டி கிளம்பிய பிறகு நீங்கள் உள்ளே போய் என்ன செய்வீர்கள்?

நடுச்சாமம்
ஐயா, மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். நடப்பதை நடப்பதுபோலச் சொல்கிறேன்.

முதலில் நேரத்தை எழுதுவோம். மருந்து பம்ப்பை நிறுத்துவோம். அது நிறுத்தும்வரை கத்திக்கொண்டிருக்கும். "பேபி ஆஃப்" என்று தாயின் பெயர் எழுதிய அட்டையைக் கழற்றுவோம். உங்கள் மகனுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. வார்மரைத் துடைத்துப் புது விரிப்புப் போடுவோம். கறந்து வைத்த பால் ஃபிரிட்ஜில் மீதி இருந்தால் கொட்ட வேண்டும். அந்த வேலையை ஒருவருக்கொருவர் தள்ளிவிடுவோம். அடுத்த குழந்தை சில நாள் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், சில நாள் அதற்கும் முன்னால்.

முகத்தைப் பார்க்காதது இளக்காரத்தால் அல்ல ஐயா. பார்த்தால் "இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாய் சொல்லிவிடும். சொல்லிவிட்டு அந்த இரண்டு நாள் பில்லை நான் கட்ட முடியாது. எனக்கு அப்படித்தான். அந்த நர்ஸுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் நடக்கும். வண்டி போன பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்போம். அம்பு பை எங்களுடையது, ஆம்புலன்ஸ் டிரைவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வாங்கிக் கழுவிக் கிருமி நீக்கத்துக்கு அனுப்புவோம். அது எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வைத்து எங்களுக்குத் தெரிந்துவிடும். சில பைகள் இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடும்.

இந்த வாரம் நான் கொடுத்தனுப்பிய பை மறுநாள் மாலைதான் வந்தது. டிரைவரிடம் நானும் எதுவும் கேட்கவில்லை.